வீட்டிலேயே கார்புரேட்டர் புதுப்பிக்க எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

பழைய காரில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத் தாமே பிரித்துப் புதுப்பிக்க விரும்பும் பலர் முதலில் ரிப்பேர் கிட் ஒன்றை வாங்கிவிட்டு, அதன்பிறகே கார்புரேட்டரின் மூடியைத் திறக்கிறார்கள். திறந்து பார்த்தால் கிட்டில் உள்ள காஸ்கெட் (இரு பாகங்கள் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் தாள் போன்ற அடைப்பு) ஒன்று பொருந்துவதில்லை. தேய்ந்துபோன பாகமோ அந்தக் கிட்டில் இருப்பதே இல்லை. கார்புரேட்டரைத் திறந்து, பார்த்து, அளந்து, குறித்துக்கொண்ட பிறகு பட்டியல் போட்டு வாங்குவதே சரியான வரிசை. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர் அந்தப் பட்டியலை எப்படித் தயாரிப்பது, எந்தக் கருவி இல்லாமல் தொடங்கவே கூடாது, எந்தக் கருவிக்குச் செலவு செய்யத் தேவையில்லை என்பவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பழுது கார்புரேட்டரில்தானா?

இஞ்சின் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில்) நிற்காமல் அணைகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறுகிறது, கரும்புகை வருகிறது என்றவுடன் கார்புரேட்டர் மீது பழி போடுவது வழக்கம். ஆனால் தேய்ந்த பிளாட்டினம் பாயின்ட், தவறிய இக்னிஷன் டைமிங், இறுகிப்போன வால்வு இடைவெளி, இன்டேக் மேனிஃபோல்டில் (கலவை சிலிண்டர்களுக்குப் பிரிந்து செல்லும் குழாய்த்தொகுதியில்) விரிசல் கண்ட வாக்குவம் குழாய், அடைத்த பெட்ரோல் ஃபில்டர் ஆகிய எல்லாமே இதே அறிகுறிகளைத்தான் காட்டும். எனவே முதலில் வாங்க வேண்டிய கருவி, மேனிஃபோல்டில் இஞ்சின் இழுக்கும் உறிஞ்சு விசையைக் காட்டும் ஒரு வாக்குவம் கேஜ். நல்ல நிலையில் உள்ள இஞ்சின் சூடான பிறகு, கடல் மட்டத்தில், ஐடிலிங்கில் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவை அசையாமல் காட்டும். முள் சீராக நடுங்கினால் வால்வையும், தாழ்வாக நின்றால் காற்றுக் கசிவையும் டைமிங்கையும் முதலில் பார்க்க வேண்டும். உயரமான ஊர்களில் இந்த அளவு ஓரளவு குறைந்தே இருக்கும் என்பதையும், வேகத்துக்காக மாற்றிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட இஞ்சின்கள் இதற்குக் கீழேயே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

பெட்ரோல் பம்பின் அழுத்தத்தையும் இப்போதே அளந்துவிடுவது நல்லது. வெபர் வகைக் கார்புரேட்டர்கள் பெரும்பாலும் 3 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) அளவில் நன்றாக இயங்குபவை. ஹோலி வகைகள் 5 முதல் 7 பிஎஸ்ஐ வரை ஏற்கும். பழைய மெக்கானிக்கல் பம்பை எடுத்துவிட்டு மின்சார பம்ப் பொருத்தியிருந்தால், அழுத்தம் மிகுந்து ஊசி வால்வைத் (கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை, மிதவை ஏறி இறங்குவதற்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வைத்) தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழிவதைக் காணலாம். அந்த நிலையில் எத்தனை புதிய ஊசி வால்வு மாற்றினாலும் வழிவது நிற்காது. தேவைப்படுவது பிரஷர் ரெகுலேட்டர்.

கார்புரேட்டரின் அடையாளம்

பழுது கார்புரேட்டரில்தான் என்று உறுதியானால், அடுத்து அதன் அடையாள எண்ணைத் தேட வேண்டும். காரின் பெயரையும் தயாரிப்பு ஆண்டையும் சொல்லிக் கிட் வாங்குவது போதாது. ஒரே மாடல் காரில் ஒரே ஆண்டிலேயே கியர்பாக்ஸ் வகைக்கும் ஏசி இருப்பதற்கும் ஏற்ப வெவ்வேறு கார்புரேட்டர்கள் வந்திருக்கலாம். அதைவிட முக்கியமாக, பல பத்தாண்டுகள் ஓடிய காரில் இன்று இருப்பது தொழிற்சாலையில் பொருத்திய கார்புரேட்டர்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முந்தைய உரிமையாளர் ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியதாகவும் இருக்கலாம்.

எண் இருக்கும் இடம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஹோலியில் காற்று நுழையும் மேல்வாயின் பக்கவாட்டில் ‘லிஸ்ட்’ என்ற சொல்லைத் தொடர்ந்து பொறித்திருக்கும். ரோசெஸ்டர் குவாட்ராஜெட்டில் த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) இணைப்புகள் உள்ள பக்கத்தில், உடற்பகுதியில் செங்குத்தாகப் பொறித்த எண்ணைப் பார்க்கலாம். வெபரில் பெரும்பாலும் அடித்தட்டின் விளிம்பிலோ மேல்மூடியிலோ மாடல் பெயரே இருக்கும். 32/36 என்று எழுதியிருந்தால் இரண்டு த்ராட்டில் துளைகளின் விட்டம் முறையே 32 மில்லிமீட்டரும் 36 மில்லிமீட்டரும் என்று பொருள். எஸ்யூ வகையில் மூடித் திருகு ஒன்றில் மாட்டிய சிறு அலுமினியத் தகட்டில் எண் இருக்கும். முன்பு யாராவது பிரித்திருந்தால் அந்தத் தகடு காணாமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட நிலையில் த்ராட்டில் துளையின் விட்டம், அடித்தட்டில் உள்ள ஸ்டட் துளைகளின் இடைவெளி, வென்சுரியில் (காற்று செல்லும் வழியின் குறுகிய பகுதியில்) பொறித்த எண், ஜெட்டுகளின் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகுகளின்) எண்கள் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டு அடையாளம் காணலாம். எண்ணை மறைக்கும் அழுக்கைக் கம்பித் தூரிகையால் தேய்க்காமல், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சிறிது மண்ணெண்ணெயும் கொண்டு துடைப்பது போதும்.

பிரிப்பதற்கு முதலில் வேண்டியது நல்ல ஸ்க்ரூடிரைவர்

கருவிகளில் மிக அதிகக் கவனம் தேவைப்படுவது ஸ்க்ரூடிரைவரில்தான். புதியவர்கள் பெரும்பாலும் எளிதாகக் கடந்துபோவதும் அதைத்தான். ஜெட்டுகள் பித்தளையால் ஆனவை. அவற்றின் தலையில் உள்ள வெட்டுக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருப்பினால் வெட்டின் ஓரம் நொறுங்கிவிடும். அதன்பிறகு அந்த ஜெட்டை வெளியே எடுப்பது பெரும்பாடு. சாதாரணத் தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு போலச் சரிந்து மெலிவது; திருப்பும்போது அது வெட்டிலிருந்து மேலே ஏறி வழுக்கும். துப்பாக்கி வேலைக்காகச் செய்யப்படும் ஸ்க்ரூடிரைவர்களின் முனை இருபக்கமும் இணையாகச் செதுக்கப்பட்டிருப்பதால் வெட்டின் அடிவரை இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அவை கிடைக்காவிட்டால், ஓரளவு தடித்த ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்கி, ஜெட்டின் வெட்டுக்கு அகலத்திலும் தடிப்பிலும் சரியாகப் பொருந்தும்படி அரத்தால் மெதுவாகத் தேய்த்து வைத்துக்கொள்ளலாம். நான் வைத்திருக்கும் மூன்று ஜெட் ஸ்க்ரூடிரைவர்களும் அப்படித் தேய்த்தவைதான்.

நட்சத்திரத் தலைத் திருகுகளில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மிகுனி, ஹிட்டாச்சி, ஐசன், நிக்கி போன்ற ஜப்பானியத் தயாரிப்புகளில் உள்ள திருகுகள் பார்வைக்கு ஃபிலிப்ஸ் போலவே தோன்றினாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்தவை. பல திருகுகளின் தலையில் அடையாளமாகச் சிறு புள்ளிக்குழி ஒன்று இருக்கும். ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் இந்தத் தலையில் முழுமையாக அமராமல் மேலேறி வழுக்கி, திருகுத் தலையை வட்டக்குழியாக்கிவிடும். ஜேஐஎஸ் முனை கொண்ட ஒரு செட்டை வாங்குவது அத்தியாவசியச் செலவு என்றே சொல்வேன். இறுகிய திருகுக்கு, சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவையாலோ அலுமினியத்தாலோ வார்க்கப்பட்டது என்பதால், மேசையில் மரக்கட்டை மேல் நன்றாகத் தாங்கவைத்து, லேசாக மட்டுமே தட்ட வேண்டும். அதற்கு முன் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருப்பதே பெரும்பாலும் பலன் தரும்.

பெட்ரோல் குழாய் இணைப்பை அவிழ்ப்பதற்குச் சாதாரண ஓப்பன் ஸ்பேனரைப் பயன்படுத்தினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அதற்கு, ரிங் ஸ்பேனரின் வாயில் குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டு விட்டது போன்ற ஃபிளேர் நட் ஸ்பேனர் வேண்டும். கார்புரேட்டர் பக்க இணைப்பை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, குழாய் பக்க நட்டை மற்றொன்றால் திருப்ப வேண்டும்; இல்லையெனில் உடலின் மென்மையான மரை கழன்று வந்துவிடும்.

இவை தவிர, வெர்னியர் அளவி, நல்ல எஃகு அளவுகோல், ஃபீலர் கேஜ், பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, சிறு டார்ச், சர்க்ளிப் எடுக்கும் நோஸ் பிளையர், சிறுபாகங்களைப் போட்டு வைக்கக் குழிகள் கொண்ட தட்டு ஆகியவை போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் ஸ்க்ரூடிரைவரின் பிடியை விரல் நுனிகளால் மட்டும் பிடித்து இறுக்கும் பழக்கம் அந்தக் குறையை ஈடுசெய்யும். கார்புரேட்டர் திருகுகளை மணிக்கட்டின் பலம் கொண்டு இறுக்குவதே பல மூடிகள் வளைந்துபோவதற்குக் காரணம்.

பிரித்துப் பார்த்தல்

வண்டியிலிருந்து கழற்றும்போதே ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளவும். வாக்குவம் குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒட்டுத்தாளில் எண் எழுதி ஒட்டவும். ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை வெளியே எடுப்பதற்கு முன், அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியில் மெல்ல அமர்கிறது என்பதை எண்ணிக் குறிக்க வேண்டும். அழுத்தி இறுக்கினால் அதன் ஊசிமுனையில் வளையம் போல் பள்ளம் விழுந்துவிடும்; பள்ளம் ஏற்கெனவே விழுந்திருந்தால் அந்த ஸ்க்ரூவைப் பட்டியலில் முதல் பாகமாக எழுதவும். பின்னர் மேல்மூடியைத் தூக்கும்போது எஃகுக் குண்டுகளும் சிறு எடைகளும் எந்தத் துளையிலிருந்து விழுந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே கார்புரேட்டரில் இரண்டு அளவுக் குண்டுகள் இருக்கலாம். இடம் மாறிப் போட்டால், மிதித்தவுடன் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் வேலை செய்யாது. வெள்ளைத்துணி விரித்த தட்டத்தின் மேல் வைத்துப் பிரித்தால் விழுந்த குண்டு உருண்டு ஓடாது.

பழைய காஸ்கெட்டுகளைக் கிழித்து எறியாமல், கிழிந்திருந்தாலும் துண்டுகளை ஒன்றுசேர்த்து வைத்திருக்க வேண்டும். ரிப்பேர் கிட் ஒன்று பெரும்பாலும் பல வகைக் கார்புரேட்டர்களுக்குப் பொதுவாகத் தயாரிக்கப்படுவதால், ஏறக்குறைய ஒன்று போலவே தோன்றும் இரண்டு மூன்று காஸ்கெட்டுகள் அதில் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டுமே நம்முடையது. என் ஆரம்ப காலத்தில், பழையதைக் குப்பையில் போட்டுவிட்டு, பார்வைக்குப் பொருந்திய புதிய காஸ்கெட்டைப் போட்டேன். கார் ஓடியது, ஐடிலிங்கில் மட்டும் நிற்கவேயில்லை. இரண்டு நாள் தேடிய பிறகு, அந்தக் காஸ்கெட் ஐடில் காற்று செல்லும் ஒரு சிறு துளையை மூடிவிட்டிருப்பதைக் கண்டேன். அன்று முதல் பழைய காஸ்கெட்டின் மேல் புதியதை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒவ்வொரு துளையும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா என்று பார்க்காமல் பொருத்துவதில்லை.

ரிப்பேர் கிட்டில் என்ன பார்க்க வேண்டும்

கிட்டுகளில் இரண்டு தரம் உண்டு. ஒன்றில் காஸ்கெட்டுகள் மட்டும் இருக்கும். மற்றொன்றில் காஸ்கெட்டுகளோடு ஊசி வால்வும் அதன் இருக்கையும், ஆக்சிலரேட்டர் பம்பின் டயாஃப்ரமோ (மெல்லிய ரப்பர் சவ்வு) பிஸ்டனோ, ஓ-ரிங்குகள், குண்டுகள், சிறு கிளிப்புகள், சில நேரங்களில் பவர் வால்வு (இஞ்சினின் பளு கூடும்போது கூடுதல் பெட்ரோல் விடுவது), இவற்றுடன் மிதவை அளவு அச்சிட்ட தாள் ஆகியவையும் இருக்கும். முதல்முறை பிரிப்பவர் இரண்டாவதையே வாங்க வேண்டும். மிதவை, த்ராட்டில் ஷாஃப்ட், ஜெட்டுகள், சோக் மின்சுருள் ஆகியவை பொதுவாக எந்தக் கிட்டிலும் வருவதில்லை. இவற்றில் ஏதாவது பழுதென்றால் தனியாகத் தேட வேண்டியிருக்கும் என்பதனால்தான் வாங்குவதற்கு முன்பே பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

ரப்பரின் தரமே கிட்டின் தரம் என்று கொள்ளலாம். இன்று பல நாடுகளில் விற்கும் பெட்ரோலில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ எத்தனால் கலந்திருக்கிறது. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த பழைய கிட்டில் உள்ள ரப்பர் அந்த எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல; சில வாரங்களிலேயே ஊதிப்போகவோ, கல்லாக இறுகவோ, ஓரத்தில் பிளக்கவோ செய்யும். உறை முத்திரை கலையாமல் இருக்கிறது என்பதற்காகப் பழைய இருப்பை உயர்வாக எண்ணுவது காஸ்கெட்டுக்கு வேண்டுமானால் பொருந்தும், டயாஃப்ரமுக்குப் பொருந்தாது. விட்டன் எனப்படும் ஃபுளோரின் கலந்த ரப்பரால் ஆன ஊசி முனையும் ஓ-ரிங்குகளும் எத்தனால் பெட்ரோலைத் தாங்கும். வாங்கும்போது இதை வெளிப்படையாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அதே கணக்கில், பம்பிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் மாற்றிவிட வேண்டும். அதன் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் உட்பூச்சு ஃபுளோரின் ரப்பரால் ஆனது என்று பொருள். புதுப்பித்த கார்புரேட்டருக்குள் சில நாளில் கருந்தூள் சேர்ந்து ஊசி வால்வை அடைப்பதற்குப் பழைய குழாயின் உட்சுவர் கரைந்து வருவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஊசி வால்வை வாங்கும்போது இருக்கையின் துளை விட்டம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஹோலியில் 0.097 அங்குலம், 0.110 அங்குலம் என இருவகை வழக்கத்தில் உண்டு. பெரியது பலம் தரும் என்று எண்ணிச் சாதாரண இஞ்சினுக்குப் பெரிய துளையைப் போட்டால், பம்ப் அழுத்தம் அதிகப் பரப்பில் தள்ளுவதால் ஊசி மூடுவது தளர்ந்து பெட்ரோல் வழியும். ஹோலியின் பவர் வால்வில் 65 என்று இருந்தால் 6.5 அங்குலப் பாதரச வாக்குவத்தில் அது திறக்கும் என்று பொருள். எண் மாறினால் பெட்ரோல் செலவும் இழுவையும் மாறும்.

ஜெட்டுகளைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது: அடைத்த ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள், காரணமில்லாமல் மாற்றாதீர்கள். தொழிற்சாலையில் போட்ட பித்தளை ஜெட்டின் துல்லியம் மலிவான மாற்று ஜெட்டில் இருப்பதில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்றால் எண்ணின் பொருளை அறிந்து மாற்ற வேண்டும். வெபரில் 140 என்பது 1.40 மில்லிமீட்டர் துளை. ஹோலியின் எண் துளை அளவை நேரடியாகக் குறிப்பதன்று. அது பாயும் அளவை ஒட்டிய வரிசை எண். ஒரு தயாரிப்பாளரின் எண்ணைக் கொண்டு இன்னொருவரின் ஜெட்டை வாங்கினால் கணக்கு முற்றிலும் தவறிவிடும். சுத்தம் செய்யும்போது எஃகுக் கம்பியையோ துளையிடும் பிட்டையோ உள்ளே விடக் கூடாது. மின்கம்பியின் உள்ளே இருக்கும் ஒற்றைச் செம்பு இழையோ நைலான் தூரிகை இழையோ போதும். அதன்பின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தால் துளை முழுவட்டமாகத் தெரிய வேண்டும்.

மிதவை பித்தளையாக இருந்தால், கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே சுடுநீரில் முழுக அமுக்கிப் பிடிக்கவும். துளை இருந்தால் உள்ளே உள்ள காற்று விரிந்து குமிழி வரும். குலுக்கினால் சளசளவென்று சத்தம் கேட்டால் உள்ளே பெட்ரோல் புகுந்துவிட்டது என்று பொருள். அதை அப்படியே ஈயம் பற்றவைக்கப் போவது உயிருக்கே ஆபத்து. பற்றவைத்த ஈயத்தின் எடை மிதவையின் உயரத்தையும் மாற்றிவிடும் என்பதால், புதிய மிதவை கிடைக்குமானால் அதையே வாங்குவது நல்லது. கருமையான நுரைப்பொருள் மிதவைகள் பல ஆண்டுகளில் பெட்ரோலை உறிஞ்சி எடை கூடிவிடும். பார்வையில் எந்தக் குறையும் தெரியாது, நுண்ணிய தராசில் எடை பார்த்தால் மட்டுமே தெரியும். இந்த ஒரு பாகத்தால் வழியும் பெட்ரோலை நிறுத்த முடியாமல் ஊசி வால்வை மூன்று முறை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

எஸ்யூ, ஸ்ட்ராம்பர்க் போன்ற, வென்சுரி அளவு தானே மாறும் கார்புரேட்டர்களுக்குப் பட்டியலே வேறு. அங்கே தேய்வது நீண்ட ஊசியும் அது இறங்கும் ஜெட்டும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஊசியின் தண்டில் பொறித்த எழுத்துக் குறியைப் பார்த்து அதே குறியுள்ள ஊசியை வாங்க வேண்டும். எஸ்யூவின் பிஸ்டனும் அதன் மேலிருக்கும் கூடும் ஒன்றுக்கொன்று ஜோடியாகப் பொருத்தப்பட்டவை; இரட்டைக் கார்புரேட்டர் வண்டியில் ஒன்றின் பிஸ்டனை மற்றதன் கூட்டில் போட்டுவிடாமல் இருக்க, இரண்டுக்கும் தனித்தனித் தட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஸ்ட்ராம்பர்க்கில் பிஸ்டன் மேல் உள்ள பெரிய ரப்பர் டயாஃப்ரமில் ஊசி நுனி அளவுக்குத் துளை இருந்தாலும் இழுவை போய்விடும். புதியதைப் பொருத்தும்போது அதன் விளிம்பில் உள்ள சிறு நாக்கு அதற்குரிய பள்ளத்தில் சரியாக அமர்கிறதா என்று பார்க்கவும்.

கிட் தீர்க்காத பழுதுகள்

த்ராட்டில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால், அந்த இடைவெளி வழியே அளக்கப்படாத காற்று நுழைகிறது; எத்தனை நல்ல கிட் போட்டாலும் ஐடிலிங் நிலைக்காது. உடலில் துளையைச் சீராகப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் அடிக்கும் வேலையை லேத் பட்டறையிடம் கொடுப்பதே புதியவருக்கு ஏற்றது. த்ராட்டில் தகடுகளைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகுகளின் பின்முனை விரித்து அடிக்கப்பட்டிருக்கும். அவசியம் இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம். கழற்றினால், புதிய திருகு போட்டு, மரைப் பசை இட்டு, பின்முனையை மீண்டும் விரித்தே ஆக வேண்டும், ஏனெனில் அங்கிருந்து கழலும் திருகு நேராக சிலிண்டருக்குள்தான் விழும்.

மூடியும் உடலும் சேரும் பரப்பின் மேல் எஃகு அளவுகோலை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கவும். 0.10 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போய்வந்தால் பரப்பைச் சமப்படுத்த வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. தடித்த கண்ணாடித் தட்டின் மேல் நீர்த் தாங்கும் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் மூடியை எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்தால் போதும். நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள் இருந்தால் இது முடியாது. வளைந்த பரப்பைச் சிலிக்கான் பசை பூசி அடைக்கலாம் என்ற யோசனையைக் கேட்கவே வேண்டாம். பெட்ரோலில் அது ஊதி, பிய்ந்து, நேராக ஜெட்டில் போய் அடைக்கும். உடலில் விரிசலோ, வெள்ளைத்தூளாக அரித்துத் துளைத்த இடமோ இருந்தால், மற்ற பாகங்களில் பணம் போடாமல், அதே எண்ணுள்ள பழைய கார்புரேட்டர் ஒன்றைத் தேடி இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவதே மேல்.

சுத்தம் செய்யும் பொருட்கள்

ஸ்ப்ரே வடிவில் வரும் கார்புரேட்டர் கிளீனர் இரண்டு டப்பாவும், நுண்ணிய நைலான் தூரிகைகளும், அழுத்தக் காற்றும் சாதாரண அழுக்குக்குப் போதுமானவை. பெட்ரோல் காய்ந்து அரக்குப் போலப் படிந்திருந்தால் முழுக வைக்கும் கரைசலோ, அல்ட்ராசோனிக் தொட்டியோ வேண்டும். அல்ட்ராசோனிக் தொட்டியில் தண்ணீரில் கலக்கும் சோப்புக் கரைசலை மட்டுமே 50 முதல் 60 டிகிரி சூட்டில் பயன்படுத்த வேண்டும். பெட்ரோலையோ தின்னரையோ ஊற்றுவது தீ விபத்தை அழைப்பதாகும். வெளியே எடுத்தவுடன் கழுவி, காற்றடித்து உலர்த்தாவிட்டால் துத்தநாகம் வெளுத்துவிடும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் தின்னும். வினிகரும் துத்தநாகத்தை அரிக்கும். கண்ணாடி மணி வீசும் முறையில் வெளிப்பரப்பு அழகாகும், ஆனால் நுண்வழிகளில் சிக்கிக்கொள்ளும் ஒரே ஒரு மணி அத்தனை உழைப்பையும் வீணாக்கும். எந்தக் கரைசலாக இருந்தாலும் ரப்பர், பிளாஸ்டிக், மின்சார சோக், சோலினாய்டு ஆகிய எல்லாவற்றையும் கழற்றிய பிறகே முழுக வைக்க வேண்டும்.

காற்றடிக்கும்போது கண்ணாடி அணிவது கட்டாயம். நீளமான வழி ஒன்றில் ஊதினால் எதிர்பாராத வேறொரு துளையிலிருந்து கிளீனர் நேராகக் கண்ணில் தெறிக்கும். நைட்ரைல் கையுறை இந்தத் திரவத்தில் சீக்கிரம் இளகும் என்பதால் ஒரு பெட்டி வாங்கி அடிக்கடி மாற்றவும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தூரத்தில் எரியும் சிறு சுடரையும் எட்டும். ஆகவே கதவு திறந்த இடத்தில், எண்ணெய்த் தீக்கு ஏற்ற தீயணைப்பானைக் கைக்கு எட்டும் தொலைவில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

மிதவை அளவும் முதல் ஸ்டார்ட்டும்

கூட்டும்போது மிக நுணுக்கமாகச் செய்ய வேண்டியது மிதவையின் அளவு. கிட்டோடு வந்த தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது காஸ்கெட்டோடு அளப்பதா, காஸ்கெட் இல்லாமல் அளப்பதா, மிதவையின் எந்த முனையிலிருந்து அளப்பது என்பவற்றையும் படிக்க வேண்டும். காஸ்கெட்டின் தடிப்பு அளவுக்குத் தவறினாலே பெட்ரோல் மட்டம் மாறி, கலவை முழுவதும் மாறிவிடும். ஊசியின் முனையில் சுருள்வில்லில் இயங்கும் சிறு குண்டு இருந்தால், மிதவையின் நாக்கு அந்தக் குண்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும், அழுத்திய நிலையில் அல்ல. இதற்கென்று தனிக் கருவி விற்கிறார்கள். தேவையான விட்டமுள்ள துளையிடும் பிட்டின் தண்டை இடையில் நுழைத்தும் அளந்துவிடலாம். நாக்கை வளைக்கும்போது ஊசியை இருக்கையோடு சேர்த்து அழுத்தாமல், மிதவையைத் தூக்கிப் பிடித்து வளைக்கவும். ரப்பர் முனையில் பள்ளம் விழுந்தால் புதிய ஊசியும் பழையதாகிவிடும்.

பம்ப் பிஸ்டனின் கிண்ணம் தோலால் ஆனதாக இருந்தால் மெல்லிய எண்ணெயில் சில மணி நேரம் ஊறவைத்துப் போடவும். மூடித் திருகுகளை ஒருமுறையில் இறுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்கவும். மேனிஃபோல்டின் மேல் வைக்கும் தடித்த பேக்கலைட் துண்டு பழுதில்லாமல் இருந்தால் அதையே மீண்டும் பயன்படுத்தலாம். அதற்குப் பதில் மெல்லிய காஸ்கெட் மட்டும் வைத்தால் இஞ்சினின் சூடு ஏறி, கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, நிறுத்திய கார் மீண்டும் ஸ்டார்ட் ஆகாது.

மிக்சர் ஸ்க்ரூவை முன்பு எண்ணிய சுற்றிலேயே வைத்து, அந்தக் குறிப்பு தொலைந்திருந்தால் அடியில் மெல்ல அமர்ந்த நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பித் தொடங்கி, கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பிய பிறகு ஸ்டார்ட் செய்யவும். முதல் ஐந்து நிமிடம் ஏர் கிளீனர் மாட்டாமல், எங்காவது ஈரம் கசிகிறதா, வென்சுரிக்குள் பெட்ரோல் சொட்டுகிறதா என்று மட்டும் பார்க்கவும். அப்போது முகத்தை மேலே கொண்டுபோக வேண்டாம், பின்வெடிப்பு வந்தால் தீ நாக்கு மேலே எழும். சூடான பிறகு வாக்குவம் கேஜை மாட்டி, முள் மிக உயர்ந்து நிற்கும் இடத்தில் மிக்சர் ஸ்க்ரூவை நிறுத்தவும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, இஞ்சின் ஆறியிருக்கும்போது மூடித் திருகுகளை மீண்டும் ஒருமுறை விரல் நுனியால் சரிபார்க்க வேண்டும், புதிய காஸ்கெட் அமுங்கி அவை தளர்ந்திருக்கும். பழைய காஸ்கெட், ஊசி வால்வு, ஜெட்டுகள் ஆகியவற்றை அதுவரை எண் எழுதிய உறையில் போட்டு வைத்திருக்கவும். ஏதாவது ஒத்துவராவிட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவை மட்டுமே இருக்கும்.